இரைச்சல் நீக்கப்பட்ட வானம்

போன வருஷம் ஒரு சின்னப் புகைப்படக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். படங்களை எடுத்தவர்கள் யாரும் தொழில்முறைக் கலைஞர்கள் இல்லை. என்னைப் போல, திங்கள் முதல் வெள்ளி வரை வேலை, சனிக்கிழமை இரவானால் டிரைபாடைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள். ஒரு சுவர் முழுக்கப் பால்வீதி. அதில் ஐந்து படங்களில் ஒரே மாதிரி ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். நமக்கு முதுகைக் காட்டியபடி, பாறை மேலேயோ கடற்கரையிலேயோ, தன்னந்தனியாக. நெற்றியில் ஹெட்லேம்ப். அதிலிருந்து ஓர் ஒளிக்கற்றை நேராகப் பால்வீதியின் மையத்துக்குப் போகிறது. கீழே ‘தனிமை’, ‘மௌனம்’ என்று தலைப்புகள்.

மூன்றாவது படத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே மாதிரி ஒரு படத்துக்கு நானும் நின்றிருக்கிறேன். அப்போது என் இடது பக்கம் நாலு பேர், வலது பக்கம் மூன்று பேர், எல்லாருக்கும் ஆளுக்கொரு டிரைபாட். யாரோ நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம். “மச்சான், ஆடாத! இருபது செகண்ட் மூச்சுகூட விடாத!” என்று ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். அந்தப் படத்துக்கும் ‘தனிமை’ என்றுதான் பெயர் வைத்தோம்.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தப் படங்கள் நன்றாகவே இருந்தன. குவியம் துல்லியம், நிறம் சுத்தம். நான் ஆறேழு வருஷமாக இதே பொழுதுபோக்கில் கிடக்கிறேன், என் ஹார்ட் டிஸ்க்கிலும் அதே படங்கள்தான். என் கேள்வி வேறு. இத்தனை பேர், இத்தனை இடங்களில், இத்தனை இரவுகளில் எடுத்த படங்கள் ஏன் ஒரே படமாக இருக்கின்றன? அப்படி ஒன்றாக்குவதற்கு எதையெல்லாம் வெளியே தள்ளுகிறோம்?

*

முதலில் கொஞ்சம் தொழில்நுட்பம். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் எஞ்சினியர்.

இரவு வானத்தைக் கேமராவில் எடுத்தால், நட்சத்திர ஒளியோடு சேர்த்து ‘நாய்ஸ்’ என்று நாங்கள் சொல்லும் இரைச்சலும் பதிவாகும். படம் முழுக்க மணல் தூவிய மாதிரிப் புள்ளிகள். ஒரே படத்தை நீண்ட நேரம் எடுத்துச் சரி செய்யலாம் என்றால் பூமி சுற்றுகிறது, நட்சத்திரம் கோடாகிவிடும். 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை விநாடி தாங்கும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. முழு அளவு சென்சாரில் 20 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 25 விநாடி. அதனால் ஒரே இடத்தைப் பல முறை எடுத்து, மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவோம். இதுதான் ‘ஸ்டேக்கிங்’. இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் மாறும், நட்சத்திரம் மாறாது. 16 படங்களை அடுக்கினால் சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம் நான்கு மடங்கு கூடும். வர்க்கமூலக் கணக்கு.

இந்தக் கணக்குக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. பதினாறு படத்திலும் இருப்பது உண்மை, ஒன்றிரண்டு படத்தில் மட்டும் இருப்பது இரைச்சல் என்று மென்பொருள் முடிவு செய்கிறது. நடுவில் பறந்த விமானம், குறுக்கே போன வௌவால், தூரத்தில் திரும்பிய லாரியின் விளக்கு எல்லாம் காணாமல் போகும். நிலையாக நிற்பது தங்கும், நடமாடுவது அழியும். எங்கள் தொழிற்சாலையில் மின் சமிக்ஞையைச் சுத்தம் செய்ய இதே முறைதான். அங்கே அது சரி. எது வேண்டியது, எது வேண்டாதது என்று அங்கே முன்கூட்டியே தெரியும்.

வானத்தின் கீழே நிற்கும்போது அது தெரிகிறதா?

*

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம், அப்பா பிறந்த தோட்டத்துக்குப் போனோம். பேராவில் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. லயத்தில் அடித்தளம் மட்டும் மிச்சம். ஒரு சின்னக் கோயில் இருந்தது, வாசலில் ஒரு டியூப் லைட். நான் கேமராவை நிறுத்தி 20 விநாடி வீதம் பதினாறு படம் எடுத்தேன். அப்பா “சாமியைப் பாத்துட்டு வரேன்” என்று டார்ச் அடித்தபடி நடந்து போனார். “இப்ப போகாதீங்கப்பா, படத்துல விழும்” என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், ஸ்டேக்கிங்கில் போய்விடும், பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

போய்விட்டது. வானத்தைத் தனியாக அடுக்கினேன், தரையைத் தனியாக அடுக்கினேன், இரண்டையும் சேர்த்தேன். டார்ச் வெளிச்சத்தின் சுவடே இல்லை. கோயில் டியூப் லைட் அந்த மூலையை வெள்ளையாக எரித்திருந்தது, அதையும் வெட்டி, பக்கத்துச் செம்பனையின் நிழலை எடுத்து ஒட்டினேன். அடிவானத்தில் செம்பனை எண்ணெய் ஆலையின் ஆரஞ்சு வெளிச்சம். அதைக் கழிக்க ஒரு கருவி இருக்கிறது, ரெண்டு கிளிக்தான். கடைசியில் கிடைத்த படம் நான் எடுத்ததிலேயே சிறந்தது. கருநீல வானம், மனித வாடையே இல்லாத ஒரு காடு.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“நல்லாருக்குயா. எந்த ஊரு இது?”

“நம்ம தோட்டம்பா. நீங்களும்தானே வந்தீங்க!”

திரும்பவும் பார்த்தார். “கோயில் எங்க? அந்தப் பக்கம் மில்லு வெளிச்சம் தெரியுமே, அது எங்க?”

என்னிடம் பதில் இல்லை.

*

சரி, படத்தைத் திருத்துவதுதான் பிழை, கேமரா பிடித்ததை அப்படியே காட்டுவதே நேர்மை என்று இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். பலர் அப்படித்தான் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் கண் மங்கலான வெளிச்சத்தில் நிறம் பார்க்காது. பால்வீதி நமக்குச் சாம்பல் புகைதான். கேமராவுக்கு அது ஊதாவும் மஞ்சளும். இதில் எது ‘அப்படியே’? ஹப்பிள் தொலைநோக்கி 1995-இல் எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம் என்று நிறம் கொடுத்திருக்கிறார்கள். உண்மையில் அந்தக் கந்தக ஒளியும் ஹைட்ரஜன் ஒளியும் இரண்டுமே சிவப்பு. பிரித்துக் காட்டத்தான் ஒன்றைப் பச்சையாக்கினார்கள். அது ஏமாற்று இல்லை, எங்கே எந்த வாயு இருக்கிறது என்று நமக்குக் கூடுதலாகச் சொல்கிறது.

ஆகவே திருத்துகிறோமா இல்லையா என்பது சின்னக் கேள்வி. திருத்தம் எதைக் காப்பாற்றுகிறது, எதைக் கொல்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. இதற்கு ஒரே கலைஞரின் இரண்டு படங்களை எடுத்துக்கொள்கிறேன்.

அன்செல் ஆடம்ஸின் பெயரை நிலக்காட்சிப் படமெடுக்கும் எவரும் தாண்டிப் போக முடியாது. 1941-இல் நியூ மெக்சிகோவில் காரில் போய்க்கொண்டிருந்தபோது ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலவு எழுவதைப் பார்க்கிறார். கீழே கல்லறைத் தோட்டம். சிலுவைகளின்மேல் மாலை வெயிலின் கடைசிக் கீற்று. ஒளி அளக்கும் மீட்டர் அவசரத்தில் கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் பிரகாசம் எவ்வளவு என்று நினைவில் இருந்ததால் அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரே ஒரு படம் எடுக்கிறார். இரண்டாவது படத்துக்குள் வெயில் போய்விட்டது. அந்த ஒரு நெகட்டிவிலிருந்து வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை அச்சிட்டார். ஆரம்பகாலப் பிரதிகளில் மேல்வானத்தில் மேகங்கள் தெரியும். பிற்காலத்தில் அதை இருட்டறையில் கறுப்பாக்கிக்கொண்டே போனார். கடைசிப் பிரதிகளில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு.

நாங்கள் இன்று மென்பொருளில் செய்வதற்கு இது எந்த வகையிலும் குறைந்த திருத்தம் இல்லை. ஆனால் வானம் கறுக்கக் கறுக்க என்ன நடக்கிறது பாருங்கள். சிலுவைகள் பளிச்சென்று மேலெழும்புகின்றன. அந்தச் சின்ன ஊரும் அதன் இறந்தவர்களும் இன்னும் தெளிவாகத் தெரிகிறார்கள். வானம் ஊருக்காகப் பின்வாங்குகிறது. ஒரு வேடிக்கை, ஆடம்ஸுக்கு அந்தப் படத்தை எடுத்த தேதி நினைவில்லை. வருஷத்தையே மாற்றி மாற்றிச் சொன்னார். நிலவு நின்ற இடத்தையும் ஊரின் கிடப்பையும் வைத்து வானியலாளர்கள் பின்னாளில் கணக்கிட்டு 1941 நவம்பர் 1 என்று கண்டுபிடித்தார்கள். நிலமும் வானமும் சேர்ந்து இருந்ததால்தான் அந்தக் கணக்குச் சாத்தியமானது. என் தோட்டப் படத்திலிருந்து எந்த வானியலாளரும் எந்த ஊரையும் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது படம் 1944. கலிஃபோர்னியாவின் லோன் பைன் என்ற ஊரிலிருந்து எடுத்த குளிர்கால விடியல். பனிமலை பளபளக்கிறது, முன்னால் கறுத்த குன்று, அதற்கும் முன்னால் ஒற்றைக் குதிரை. அந்தக் குதிரை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்து எடுத்தார். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குன்றின் சரிவில் ஊர்ப் பள்ளி மாணவர்கள் வெள்ளைக் கற்களால் எல், பி என்று தங்கள் ஊரின் முதலெழுத்துகளைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். ஆடம்ஸ் அதைப் படத்திலிருந்து அழித்துவிட்டார். இயற்கையின்மேல் விழுந்த வடுவை நான் ஏன் நிரந்தரமாக்க வேண்டும் என்பது அவர் தரப்பு.

இந்தத் தரப்பை நான் புரிந்துகொள்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. காரணம், அந்த நாட்களில் அவர் அந்தப் பக்கம் போய்வந்ததே பக்கத்தில் இருந்த மான்ஸனார் முகாமைப் படமெடுக்கத்தான். போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் பத்தாயிரம் பேர் வரை அடைத்து வைக்கப்பட்டிருந்த முகாம். அங்கே அவர் எடுத்த முகங்கள் 1944-இல் புத்தகமாகவும் வந்தன. ஆக, மனிதர்களைப் பார்க்கத் தெரியாதவர் இல்லை. ‘இயற்கை’ என்று தனியாக ஒரு சட்டகம் போட்டவுடன்தான் அதற்குள் மனிதத் தடம் கறையாகிவிடுகிறது. பிழை அவருடையது மட்டுமில்லை, அந்தச் சட்டகத்துடையது. நாம் கேமராவோடு சேர்த்து அந்தச் சட்டகத்தையும் வாங்கிவிட்டோம்.

*

வாங்கினோம் என்பதற்கு ஆதாரம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. நட்சத்திரங்கள் வட்ட வட்டமாகச் சுழலும் ‘ஸ்டார் டிரெயில்’ படத்தை எடுக்க எல்லாருக்கும் ஆசை. வடக்கு நாடுகளில் துருவ நட்சத்திரம் வானத்தில் உயரமாக நிற்கும், அதைச் சுற்றி முழு வட்டங்கள் கிடைக்கும். கோலாலம்பூர் ஏறக்குறைய 3 பாகை வடக்கில் இருக்கிறது. துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவு உயரம்தான், மூட்டத்தில் கண்ணுக்கே படாது. வடக்கே பார்த்து எடுத்தால் அரைவட்டம்தான் வரும். கிழக்கே பார்த்து எடுத்தால் நட்சத்திரங்கள் தரையிலிருந்து நேர்க்கோடாக மேலே ஏறும், இரண்டு ஓரங்களிலும் எதிரெதிராக வளையும். இது நம் வானம். இங்கிலாந்தில் இருப்பவனுக்கு இது கிடைக்காது. ஆனால் நேர்க்கோடாக வந்த படத்தை ‘சரியா வரலலா’ என்று அழித்த நண்பர்களை எனக்குத் தெரியும். பிறையும் அப்படித்தான். நம் ஊரில் அது பெரும்பாலும் தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். நாம் போடும் வாழ்த்துப் படங்களில் அது சி எழுத்து மாதிரி நின்றுகொண்டிருக்கும்.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம் நினைவிருக்கிறதா? அந்த ‘நெருப்பு வளைய’த்தின் பாதை காலை ஒன்பதரை வாக்கில் கோயம்புத்தூர் பக்கம் கடந்து, யாழ்ப்பாணத்தைத் தொட்டு, சுமத்ராவைத் தாண்டி, மதியம் ஒன்றரைக்குள் ஜொகூரின் தஞ்சோங் பியாய்க்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. ஒரே நிழல், ஒரே நாளில், தமிழ் பேசும் நான்கு நிலங்களின் மேல் போயிருக்கிறது. அன்று எல்லாரும் பகிர்ந்தது ஒரே படம்: கறுப்புப் பின்னணியில் ஒரு மோதிரம். கோயம்புத்தூர் மோதிரத்துக்கும் சிங்கப்பூர் மோதிரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. அன்று நான் பல்கலைக்கழக மாணவன். கோலாலம்பூரில் வளையம் தெரியாது, பகுதி கிரகணம்தான். மரத்தடியில் இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு ஊசித்துளைக் கேமராவாகி, சிமெண்டுத் தரையில் நூற்றுக்கணக்கான பிறைகளைக் கொட்டியிருந்தன. அதன் நடுவே யாரோ கழற்றிப்போட்ட ஜப்பான் சிலிப்பர். கைப்பேசியில் எடுத்தேன். இன்றுவரை அன்றைய நாளை எனக்குத் திருப்பித் தரும் படம் அதுதான். எந்தக் கண்காட்சிக்கும் அனுப்பத் தோன்றியதில்லை.

பறவைப் படங்களிலும் இதேதான். இருவாச்சி சிங்கப்பூரிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறைந்து போனது. 1994-இல் புலாவ் உபினில் திரும்பத் தென்பட்டது, இப்போது அடுக்குமாடி வீட்டுக் கம்பிகளில் வந்து உட்காருகிறது. நம் ஆட்கள் கம்பியை வெட்டிவிட்டு இலையோடு மட்டும் படத்தைப் போடுகிறார்கள். அந்தப் பறவை கம்பியில் உட்கார்ந்ததுதானே செய்தி!

ஆரஞ்சு வானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயற்கை வெளிச்சத்தால் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பால்வீதியைப் பார்க்க முடிவதில்லை என்று 2016-இல் வந்த உலக ஒளிமாசு வரைபட ஆய்வு சொன்னது. அதில் முதலிடம் சிங்கப்பூருக்கு. அங்கே முழு மக்கள்தொகையும் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழகவே முடியாத வானத்தின் கீழ் வாழ்கிறது. நாமோ அந்த வெளிச்சத்தை ரெண்டு கிளிக்கில் கழித்துவிட்டு, வானம் சுத்தமாக இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுகிறோம். வானத்தை நேசிக்கிறோம் என்று சொல்லும் நாமே அதற்கு நேர்ந்ததை மறைக்கிறோம்.

*

அந்த ஹெட்லேம்ப் ஆளுக்குத் திரும்புகிறேன். என் பாட்டியும் நெற்றியில் விளக்குக் கட்டியவர்தான். விடிவதற்கு முன் இருட்டில் பால்மரம் சீவப் போனவர். வெளிச்சம் விழ வேண்டியது மரப்பட்டையில், வானத்தில் இல்லை. “நட்சத்திரம்லாம் பாப்பீங்களா பாட்டி?” என்று ஒருமுறை கேட்டேன். “மழ வருமான்னு பாப்போம். மழ பெஞ்சா மரம் ஈரமாயிரும், சீவ முடியாது, அன்னிக்குச் சம்பளம் இல்ல. வெள்ளி பளிச்சுன்னு இருந்தா எந்திரிச்சு ஓடணும்” என்றார். நானும் சனிக்கிழமை இரவுகளில் அதையேதான் பார்க்கிறேன், மேகம் இருக்கிறதா இல்லையா என்று. தெளிந்த வானம் அவருக்கு ஒரு நாள் கூலி, எனக்கு ஒரு லைக். நான் ஹெட்லேம்ப் கட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். “நாங்க காசுக்குப் போனோம், நீ காசு குடுத்துப் போற!”

இருட்டும் எல்லாருக்கும் ஒன்றில்லை. செம்பனைத் தோட்டத்து ஓரம் நாங்கள் நின்றபோது ஒரு காவலாளி மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் முகத்தில் டார்ச் அடித்து ஒவ்வொருவருடைய அடையாள அட்டையையும் கேட்டார். இரவில் நான்கு இந்திய இளைஞர்கள் என்றால் முதலில் சந்தேகம், பிறகுதான் கேமரா கண்ணில் படும். எங்கள் குழுவில் ஒரு தோழி இருக்கிறார், எங்கள் எல்லாரையும்விட நன்றாக எடுப்பார். ஒரு நாளும் தனியாகப் போனதில்லை, போகவும் முடியாது. ‘தனிமை’ என்ற தலைப்பின் கீழ் அவர் நின்றால் அந்தப் படம் பயத்தைப் பற்றியதாகிவிடும். இவை எதுவும் நம் படங்களில் இல்லை. பதினாறில் ஒன்றாக வந்து கழிந்துவிடுகிறது.

எல்லாப் படத்திலும் மின்கம்பியும் குப்பைத்தொட்டியும் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதுவும் சீக்கிரம் இன்னொரு சூத்திரமாகிவிடும். சுத்தமான வானத்தில் எனக்கு இப்போதும் மயக்கம் உண்டு, அடுத்த மாதமும் போவேன். ஆனால் ஒரு படத்தின் முன் நிற்கும்போது இப்போதெல்லாம் அப்பாவின் கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன்: எந்த ஊரு இது? ஹெர்னாண்டஸ் படம் பதில் சொல்கிறது. இலைநிழல் பிறைகள் பதில் சொல்கின்றன. அந்தச் சுவரிலிருந்த பால்வீதிகளில் பெரும்பாலானவை சொல்லவில்லை. என்னுடையதும் சொல்லவில்லை.

நாங்கள் போய்வந்த எட்டு மாதத்தில் அந்தத் தோட்டத்து நிலத்தைத் தாமான் கட்டச் சமப்படுத்திவிட்டார்கள். கோயிலை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். சேதி வந்த இரவு நான் பழைய ஹார்ட் டிஸ்க்கை நோண்டினேன். பதினாறு மூலப் படங்களும் இருந்தன. ஏழாவதில், கார் நின்ற இடத்திலிருந்து ஒரு மஞ்சள் கோடு கிளம்புகிறது. அப்பா நடக்கும்போது கை ஆடிய கணக்கில் மேலும் கீழுமாகப் போகிறது. எட்டாவதில் அது கோயில் வாசலில் போய் நிற்கிறது. டியூப் லைட் எரிந்து வெளுத்திருக்கிறது. பின்னால் மில்லின் ஆரஞ்சு. மேலே, மணல் தூவியது போன்ற இரைச்சலுக்கு நடுவே, பால்வீதி.

அப்பா எட்டாவதைத்தான் பிரேம் போட்டுத் தரச் சொன்னார், போட்டுக் கொடுத்தேன். இந்த வருடக் கண்காட்சிக்கு ஏழாவதை அனுப்பியிருக்கிறேன். தலைப்பாகத் தோட்டத்தின் பெயரும் தேதியும் மட்டும். நாய்ஸ் அதிகம், டார்ச் வெளிச்சம் குறுக்கே விழுந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பவும் வாய்ப்பிருக்கிறது.